கசகசாவோடு பினாங்குக்கு

தம்போயில் டயர் கடைகளும் பட்டறைகளும் நெருக்கியடித்து நிற்கும் ஒரு தெருவில், நாய் பூனைகளுக்கு வைத்தியம் பார்க்கிற சின்ன கிளினிக் இருக்கிறது. ஷர்மினி அங்கே டாக்டருக்கு உதவியாளாகப் பதினோரு வருஷமாக வேலை பார்க்கிறாள். கடிக்கிற பூனையைப் பிடித்துக் கொடுப்பது, காயம் கழுவிக் கட்டுவது, ஊசி போடுவது, கூண்டு துடைப்பது, வளர்த்ததைப் பறிகொடுத்துவிட்டு வெளி பெஞ்சில் உட்கார்ந்து அழுகிறவர்களிடம் டிஷ்யூ பெட்டியை நீட்டுவது, எல்லாமே அவள் வேலைதான்.

லாபிஸ் பக்கத்தில் ஒரு எஸ்டேட்டில் பிறந்தவள். அப்பா மகேஸ்வரன் எண்ணெய் எடுக்கிற செம்பனைக் குலை ஏற்றும் லாரியில் வேலை செய்தார். பள்ளியில் ஐந்தாம் படிவம் முடித்ததும் ஷர்மினி சிங்கப்பூரில் ஒரு தொழிற்சாலைக்குப் போனாள். விடியுமுன் பஸ் பிடித்துப் பாலம் தாண்டி, இருட்டிய பிறகு திரும்பி வருகிற பிழைப்பு. இடையில் ஒரு கல்யாணம் நடந்து மூன்று வருஷத்தில் முடிந்தது. யாராவது கேட்டால், "ஒத்து வரல லா" என்பதோடு பேச்சை நிறுத்திவிடுவாள். கிளினிக்கில் சேர்ந்த பிறகுதான் அவளுக்கு மூச்சு விட நேரம் கிடைத்தது. அப்பா போனதும் அம்மா வெள்ளையம்மாவைத் தன்னோடு அழைத்துக்கொண்டாள். இருவரும் ஒரு வாடகை அடுக்குமாடி வீட்டில் இருந்தார்கள்.

கசகசா அந்தக் கிளினிக்குக்கு வந்தபோது அதற்குப் பதின்மூன்று வயது. வெள்ளை உடம்பில் கறுப்புப் புள்ளிகளை யாரோ கைநிறைய அள்ளித் தூவிவிட்டது போலிருக்கும். பெயரை வைத்தது சம்சாத் பேகம். அவர் கணவர் கிபாயத்துல்லாவுக்கு அதே தம்போயில் சாப்பாட்டுக் கடை. காலையில் ரொட்டி சானாய், மத்தியானம் மீன் தலைக் கறி என்று முப்பத்தைந்து வருஷமாக நடக்கிற கடை.

பூனைக்குச் சிறுநீரகம் கெட்டுவிட்டது என்று டாக்டர் சொன்னார். வாரம் இரண்டு முறை தோலுக்கடியில் டிரிப் ஏற்றினால் இன்னும் கொஞ்ச நாள் ஓடும். சம்சாத் பேகத்துக்கு ஊசியைப் பார்த்தாலே கை நடுங்கும். கிபாயத்துல்லாவைக் கண்டால் பூனை சீறும். அதனால் திங்களும் வியாழனும் வேலை முடிந்து வீட்டுக்குப் போகிற வழியில், கடைக்கு மேலிருந்த அவர்கள் வீட்டுக்கு ஷர்மினி ஏறிப் போவாள். ஜன்னல் கம்பியில் சலைன் பையை மாட்டி, பூனையைச் சம்சாத் பேகத்தின் மடியில் கிடத்தி, கழுத்துத் தோலைக் கூட்டிப் பிடித்து ஊசியைச் செருகுவாள். பதினைந்து நிமிஷ வேலைதான். அவள் கிளம்ப ஒன்றரை மணி நேரம் ஆகும்.

"சாப்பிட்டியா?" என்றுதான் அந்த அம்மா எப்போதும் ஆரம்பிப்பார். சாப்பிட்டேன் என்றால் நம்பமாட்டார். தட்டு வந்துவிடும். ஷர்மினியின் புருஷனைப் பற்றி இரண்டு வருஷத்தில் ஒரே ஒரு தடவை கேட்டார். அன்றைக்கு ஷர்மினி, அம்மாவிடம்கூடச் சொல்லாததையெல்லாம் சொன்னாள். கேட்டு முடித்த சம்சாத் பேகம் ஆறுதல் என்று எதுவும் சொல்லவில்லை. "அந்தக் கழுதப் பயல நீ ரெண்டு வருஷத்துலயே விட்டிருக்கணும். ஒரு வருஷம் வீணாப் போச்சு" என்றார். ஷர்மினி அழுதுகொண்டே சிரித்தாள்.

இரண்டாவது வருஷக் கடைசியில் சம்சாத் பேகத்தின் வயிற்றில் கட்டி என்று தெரிந்தது. மகள் பஸீலா பினாங்கில் இருந்தாள். வைத்தியமும் அங்கேயே பார்க்கலாம், கவனித்துக்கொள்ள ஆளும் உண்டு என்று அழைத்துப் போனாள். நாலு மாதம் மருந்து ஏற்றிப் பார்த்தார்கள். பிறகு டாக்டர்கள் வீட்டுக்குக் கூட்டிப் போகச் சொல்லிவிட்டார்கள். கிபாயத்துல்லா கடையை ஆட்களிடம் விட்டுவிட்டுப் பினாங்குக்கும் தம்போய்க்குமாக அலைந்தார். பூனை தம்போயிலேயே இருந்தது. ஆள் இல்லாத வீட்டில் ஷர்மினியே சாவி வைத்துக்கொண்டு தினமும் போய் அதற்குச் சோறு வைத்தாள்.

ஒரு நாள் கைப்பேசியில் முகம் பார்த்துப் பேசும்போது சம்சாத் பேகம் கணவரிடம் கேட்டார். ஷர்மினி பூனையைத் திரைக்கு நேராகப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றிருந்தாள்.

"எனக்கு வேற ஒண்ணும் வேணாங்க. கசாவ ஒரு தடவ மடியில வச்சுக்கணும்."

கேட்டது சின்ன விஷயம்தான், செய்வதுதான் சுலபமாக இல்லை. காரில் ஏறி அரை மணி நேரத்தில் கசகசா வாந்தி எடுத்துச் சுருண்டுவிடும். ஹரி ராயா ஹாஜி பெருநாள் வேறு வந்துகொண்டிருந்தது. நெடுஞ்சாலையில் ஒன்பது மணி நேரப் பயணம் பதினான்கு மணி நேரமாகிவிடும். இந்த உடம்புக்கு அது தாங்காது என்று டாக்டர் கையை விரித்தார். பயணிகள் விமானத்தில் பூனையை மடியில் வைத்துக்கொள்ள விடமாட்டார்கள். சரக்கோடு சரக்காகப் போட்டால் பயத்திலேயே போய்விடும்.

கடையில் உட்கார்ந்து கிபாயத்துல்லா இதைப் புலம்பிக்கொண்டிருந்தபோது ராஜசேகரன் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். விமானம் பழுதுபார்க்கும் வேலையில் முப்பது வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். தினமும் காலையில் அந்தக் கடையில்தான் பசியாறுவார். நண்பர்கள் மூன்று பேரோடு கூட்டாக, நாலு பேர் உட்காரக்கூடிய பழைய ஒற்றை எஞ்சின் விமானம் ஒன்றைச் செனாய் விமான நிலையத்தில் வைத்திருந்தார்.

"பாய், சனிக்கிழம வெதர் நல்லா இருந்தா நானே கொண்டுபோய் விடறேன். மூணு மணி நேரம்கூட ஆகாது."

கிபாயத்துல்லா வேடிக்கைப் பேச்சென்று நினைத்துச் சிரித்தார். ராஜசேகரன் சிரிக்கவில்லை.

"பூனைக்குப் பழக்கமான ஆள் ஒருத்தர் கூட வரணும். அவ்வளவுதான்."

அந்த ஆள் யாரென்று யாரும் யோசிக்கத் தேவையில்லாமல் போனது. ஷர்மினி கிளினிக்கில் ஒரு நாள் லீவு கேட்டாள். பூனை பறக்கலாம் என்று டாக்டர் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார்.

சனிக்கிழமை காலை வானம் துடைத்துவிட்டது போலிருந்தது. கிபாயத்துல்லா புதுச் சட்டை போட்டு, தொப்பி வைத்து, அத்தர் பூசி வந்திருந்தார். அறுபத்தொன்பது வயதில் பெண் பார்க்கப் போகிறவர் மாதிரி இருந்தார். கையில் ஒரு பை. அதில் மனைவியின் பழைய சால்வையும், ஒரு டப்பாவில் கசகசாவுக்கு வேகவைத்த கோழியும் இருந்தன. விமானத்தைக் கண்டதும் நின்றுவிட்டார்.

"அலமாக். ராஜா, இது நம்ம கடை வேனவிடச் சின்னதால்ல இருக்கு."

"உங்க வேனவிட ஒழுங்கா ஓடும் பாய். ஏறுங்க."

முன்னால் ராஜசேகரனுக்குப் பக்கத்தில் அவர் உட்கார்ந்தார். பின்னால் ஷர்மினி, அவள் பக்கத்து இருக்கையில் பெல்ட் மாட்டிய பூனைக்கூடை. மூன்று பேருக்கும் காதில் பெரிய ஹெட்ஃபோன். எஞ்சின் இரைச்சலில் அது இல்லாமல் ஒரு வார்த்தை கேட்காது. ஒருவர் பேசினால் மூன்று பேர் காதிலும் விழும். ஏறும்போதும் இறங்கும்போதும் பூனை கூடையில் இருக்க வேண்டும், நடுவில் கயிற்றோடு மடியில் வைத்துக்கொள்ளலாம் என்று ராஜசேகரன் சொல்லியிருந்தார்.

ஒன்பதே கால் மணிக்கு மேலேறினார்கள். கிபாயத்துல்லா கண்ணை மூடிக்கொண்டு துஆ ஓதினார். கசகசா கூடைக்குள்ளிருந்து அடிவயிற்றால் ஒரு சத்தம் கொடுத்தது. ஷர்மினி விரலை உள்ளே விட்டாள், அது முகர்ந்து பார்த்துவிட்டுத் தாடையை அந்த விரலில் சாய்த்துக்கொண்டது. கீழே செம்பனை, செம்பனை, எங்கே பார்த்தாலும் செம்பனை. பிறகு இடது பக்கம் கடல் வந்தது. ஆட்டம் நின்றதும் ஷர்மினி பூனையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். காது வலிக்காமலிருக்கக் கோழியைப் பிய்த்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டினாள். காரில் அரை மணிகூடத் தாங்காத பூனை, அங்கே சும்மா கிடந்தது.

மலாக்கா தாண்டியதும் கிபாயத்துல்லாவுக்குப் பயம் தெளிந்து பேச்சு வந்துவிட்டது. ஷர்மினி அவரை அப்படிப் பார்த்ததே இல்லை. கடையில் அவர் அளந்து பேசுகிற மனுஷர்.

கிள்ளான் தாண்டி, வயல்கள் பச்சைச் சதுரம் சதுரமாகத் தெரியத் தொடங்கியபோது ஷர்மினியின் கைப்பேசி தொடையில் அதிர்ந்தது. அவ்வளவு உயரத்தில் லைன் கிடைக்கும் என்று அவள் நினைக்கவில்லை. பஸீலா அனுப்பியிருந்தாள்.

"உம்மா மௌத்தாயிட்டாங்க ஷர்மி. 10.45. அத்தாகிட்ட சொல்லாதீங்க ப்ளீஸ். அவருக்கு ஹார்ட்டு இருக்கு, மேல ஏதாச்சும் ஆயிட்டா என்ன செய்வீங்க. இறங்கினதும் சயீத் சொல்லிருவார்."

மணி பத்து ஐம்பது. சம்சாத் பேகம் இறந்து ஐந்து நிமிஷம்தான் ஆகியிருந்தது. அவள் அதை இரண்டு தடவை படித்தாள். மூன்றாம் தடவை எழுத்து தெரியவில்லை. பூனையின் முதுகில் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டாள். முன்னால் கிபாயத்துல்லா பேசிக்கொண்டிருந்தது காதுக்குள்ளேயே கேட்டது.

"இந்தப் பூன எப்படி வந்துச்சு தெரியுமா ராஜா? வெங்காய மூட்டையில வந்துச்சு. லாரியில இருந்து இறக்குறான், உள்ள மியாவ்ங்குது. கை அகலம்தான் இருக்கும். சாப்பாட்டுக் கடையில பூன எதுக்குன்னு நான் மூணு தடவ கொண்டுபோய்ப் பசார் பக்கம் விட்டேன். மூணு தடவையும் அவ போய்த் தேடி எடுத்துட்டு வந்துட்டா. நாலாவது தடவ, 'இத விட்டீங்கன்னா என்னையும் அங்கயே விட்டுட்டு வாங்க'ன்னா."

அவர் சிரித்தார். ராஜசேகரனும் சிரித்தார்.

ராஜசேகரனிடமாவது சொல்லலாமா என்று ஷர்மினி யோசித்தாள். வாய் திறந்தால் இரண்டு பேருக்கும் கேட்கும். தோளைத் தட்டிக் கைப்பேசியை நீட்டினால் பக்கத்தில் இருப்பவர் பார்ப்பார். விமானத்தை ஓட்டுகிற மனுஷனின் கையை நடுங்கவைக்கவும் அவளுக்குத் துணிவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன் கிபாயத்துல்லாவின் நெஞ்சில் ஸ்டென்ட் வைத்தார்கள். அந்த மாத்திரைகளை எண்ணி டப்பாவில் போட்டுக் கொடுத்த சம்சாத் பேகத்தைப் பார்த்தவள் அவள். பஸீலா கேட்டதில் தப்பு இல்லை. இருந்தாலும் அவளுக்கு வேறொரு நினைவு வந்தது.

எட்டு வருஷத்துக்கு முன் சித்தப்பா செல்வா கிளினிக்குக்குப் போன் போட்டு, "அப்பாவுக்குக் கொஞ்சம் முடியல, வந்துட்டுப் போம்மா" என்றார். கொஞ்சம்தானே என்று அவள் வழியில் இறங்கி ஆரஞ்சுப் பழம் வாங்கினாள். நல்ல பழமாகப் பொறுக்கி எடுத்தாள். லாபிஸ் வீட்டு வாசலில் கூடாரம் போட்டு நாற்காலி அடுக்கியிருந்தது. பழப்பையோடு அவள் அங்கே நின்றதை எல்லோரும் பார்த்தார்கள். உன் நல்லதுக்குத்தான் சொல்லவில்லை, பஸ்ஸில் தனியாக வருகிற பெண் பயந்துவிடக்கூடாதே என்று சித்தப்பா சொன்னார். ஷர்மினி அதற்குப் பிறகு அவரோடு பேசவில்லை. பழம் பொறுக்கிக்கொண்டு நின்ற அந்த இருபது நிமிஷத்தை அவளால் மன்னிக்க முடியவில்லை. அப்பா செத்துக் கிடக்கையில் கடைக்காரனிடம் இனிப்பாக இருக்குமா என்று சிரித்துக் கேட்டிருக்கிறாளே.

இப்போது அதே இடத்தில், சித்தப்பா நின்ற பக்கத்தில் அவள் உட்கார்ந்திருந்தாள்.

கிபாயத்துல்லா திரும்பிப் பார்த்தார். "என்னம்மா, சத்தத்தையே காணோம்?"

"ஒண்ணுமில்ல அங்கிள். தல சுத்துது."

"வெளிய தூரமாப் பாரு, சரியாயிரும். பஸீலா மெசேஜ் ஏதாச்சும் போட்டாளா?"

சொல்வதற்கு அவளுக்குக் கிடைத்த நேரம் அதுதான். அவர் நேராகக் கேட்டார். அவர் முகம் அவளுக்கு ஒரு முழத் தூரத்தில் இருந்தது.

"லைன் இல்ல அங்கிள்" என்றாள்.

பேசாமலிருப்பது வேறு, பொய் சொல்வது வேறு. அவளுக்கு அது அந்த நொடியிலேயே தெரிந்தது. ஆனால் வாயை விட்டுப் போன சொல் காதுக்குள் போய்விட்டது. அவர் தலையாட்டிவிட்டு முன்பக்கம் திரும்பிக்கொண்டார்.

தைப்பிங் பக்கம் மேகம் குவிந்து கிடந்தது. ராஜசேகரன் கடல் பக்கமாக ஒதுக்கி ஓட்டினார். கிபாயத்துல்லா மேலே மேலே பேசிக்கொண்டே வந்தார். ஹஜ்ஜுக்குப் போனபோது விமானத்தில் கொடுத்த சின்ன உப்புப் பொட்டலங்களையெல்லாம் சம்சாத் பையில் சேர்த்து வைத்துக் கடைக்குக் கொண்டுவந்த கதை. கல்யாணமான புதிதில் அவளுக்கு மீன் தலைக் கறி வைக்கத் தெரியாமல், தலையைத் தூக்கி எறிந்துவிட்டு உடம்பைக் கறி வைத்த கதை. ஒரு மழை நாளில் கடைக்குள் தண்ணீர் வந்தபோது, பூனையைத் தோளில் போட்டுக்கொண்டு மேசை மேல் ஏறி நின்று ஆட்களை வேலை வாங்கிய கதை. நாற்பத்து மூன்று வருஷத்தை அவர் அந்த ஒரு மணி நேரத்தில் கொட்டிவிட நினைத்தவர் போல் இருந்தார்.

"போனதும் முதல்ல உன்னத்தான் திட்டுவா ஷர்மி. ஏன் பூன இப்படி எளச்சுப் போச்சு, நீ என்ன பாத்துக்கிட்டன்னு கேப்பா. ஒண்ணும் சொல்லாத, வாங்கிக்க."

"சரி அங்கிள்."

"ஒரு போட்டோ எடு. பூனையும் சன்னலும் தெரியணும், மேகம் தெரியணும். லைன் வந்ததும் பஸீலாவுக்கு அனுப்பிரு. அவ உம்மாகிட்ட காட்டுவா."

ஷர்மினி கயிற்றைப் பிடித்துக்கொண்டு பூனையை ஜன்னலோரம் நிறுத்தினாள். கசகசா கண்ணைச் சுருக்கி வெளியே பார்த்தது. அவள் படம் எடுத்தாள். அவர் கையை நீட்டி வாங்கிப் பார்த்தார். மெசேஜ் தெரிந்துவிடப் போகிறதென்று அவளுக்கு உயிர் போய் வந்தது. அவர் படத்தை மட்டும் பெரிதாக்கிப் பார்த்து, "நல்லா இருக்கு, அனுப்பு" என்று திருப்பிக் கொடுத்தார். அவர் பார்த்துக்கொண்டே இருந்ததால் அவள் அனுப்பினாள்.

பன்னிரண்டுக்குப் பினாங்கு விமான நிலையத்தில் இறங்கினார்கள். கிபாயத்துல்லா கூடையை யாரிடமும் கொடுக்கவில்லை. தானே தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார். வாசலுக்கு வெளியே மருமகன் சயீத் நின்றிருந்தார். அவர் சலாம் சொல்லவில்லை. ஓடி வந்து மாமனாரின் கையிலிருந்த கூடையை முதலில் வாங்கிக் கீழே வைத்தார். அதைப் பார்த்ததுமே கிழவருக்குப் புரிந்துவிட்டது.

"எப்ப?" என்றார்.

"பத்தே முக்காலுக்கு மாமா."

"இன்னா லில்லாஹி வ இன்னா இலைஹி ராஜிஊன்." அவர் விழவில்லை, நெஞ்சைப் பிடித்துக்கொள்ளவும் இல்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு ஷர்மினியின் பக்கம் திரும்பினார். அவள் முகத்தில் இருந்ததை அவர் படித்துவிட்டார்.

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும் அங்கிள்."

"எப்ப இருந்து?"

"பத்து அம்பதுக்கு அக்கா மெசேஜ் போட்டாங்க."

"நான் கேட்டேன்ல உன்கிட்ட."

அவள் குனிந்து கீழே இருந்த கூடையைத் தூக்கிக்கொண்டாள்.

"சிரிச்சிக்கிட்டே வந்தேன்" என்றார் கிபாயத்துல்லா. "அவ அங்க மௌத்தாக் கெடக்கா. நான் சிரிச்சுச் சிரிச்சுப் பேசிக்கிட்டு வந்திருக்கேன்."

அவ்வளவுதான் சொன்னார். காரில் ஏறிக்கொண்டார்.

வீட்டில் கூட்டமாக இருந்தது. சம்சாத் பேகத்தைக் குளிப்பாட்டிக் கபன் துணி போர்த்தியிருந்தார்கள். கிபாயத்துல்லா கூடையைத் திறந்து பூனையை எடுத்து அருகில் கொண்டுபோனார். யாரோ வேண்டாம் என்றார்கள். அவர் கேட்கவில்லை. கசகசா துணியை ஒரு தரம் முகர்ந்தது. புது வீடு, இத்தனை ஆட்கள், கற்பூர வாசம். கையிலிருந்து திமிறிக் குதித்து அலமாரிக்கு அடியில் போய் ஒடுங்கிக்கொண்டது. அதற்கு எதுவும் தெரிந்த மாதிரி இல்லை. அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் ஆனது.

ஆண்கள் எல்லோரும் கபர்ஸ்தானுக்குப் போயிருந்த நேரத்தில் ஷர்மினி அடுப்படியில் உட்கார்ந்து, ஜன்னல் கம்பியில் சலைன் பையை மாட்டிப் பூனைக்கு டிரிப் ஏற்றினாள். திங்கட்கிழமைக்கு உரியதை இரண்டு நாள் முன்னதாகவே ஏற்றினாள். பஸீலா வந்து பக்கத்தில் உட்கார்ந்து பூனையைப் பிடித்துக்கொண்டாள்.

"கடைசியா என்கிட்ட கேட்டாங்க, 'பிளேன் எங்க வருது'ன்னு" என்றாள் பஸீலா. "நான் மலாக்கான்னேன். அப்புறம் பேசல. உங்க போட்டோ வந்தப்ப காட்ட அவங்க இல்ல." இருவரும் பூனையின் மேல் குனிந்து அழுதார்கள்.

ராஜசேகரன் மறுநாள் காலை திரும்பக் கிளம்பினார். வா, கொண்டுபோய் விடுகிறேன் என்று ஷர்மினியைக் கூப்பிட்டார். அந்த இருக்கையில் மறுபடி உட்கார அவளால் ஆகாது. பஸ்ஸில் போவதாகச் சொன்னாள். விமான நிலையம் போகிற டாக்ஸியில் அவர் அவளை பஸ் நிலையத்தில் இறக்கிவிட்டு, "மேல வச்சுச் சொல்லியிருந்தா என்ன ஆயிருக்கும்னு யாருக்குத் தெரியும்? நீ செஞ்சதுதான் சரி" என்றார். ஷர்மினி தலையாட்டினாள். சரி என்ற சொல் அவள் மனதில் எங்கேயும் போய் உட்காரவில்லை. பத்து மணி நேரம் ஜன்னலில் தலை சாய்த்து வந்தாள்.

கிபாயத்துல்லா நாற்பது நாள் கழித்துப் பூனையோடு தம்போய்க்குத் திரும்பினார். அதுவரை பினாங்கிலேயே ஒரு கிளினிக்கில் அதற்கு டிரிப் ஏற்றியிருந்தார்கள். டிரிப் ஏற்ற இனி வீட்டுக்கு வர வேண்டாம் என்று ஆள் சொல்லி அனுப்பினார். கடை வேலையாள் கூடையைக் கிளினிக்குக்குத் தூக்கி வந்து, முடிந்ததும் தூக்கிப் போனார். ஷர்மினி தினமும் மோட்டார் சைக்கிளில் அந்தக் கடையைக் கடந்துதான் வீட்டுக்குப் போக வேண்டும். அவர் கல்லாவில் உட்கார்ந்திருப்பார். அவளைக் கண்டால் பார்வையைத் திருப்பிக்கொள்வார். சொல்ல வேண்டாம் என்று கேட்டது அவருடைய மகள்தான். அதை பஸீலாவே அப்பாவிடம் பல தடவை சொல்லிவிட்டாள். ஆனால் மகளிடம் ஒரு மனுஷன் எவ்வளவு கோபப்பட்டுவிட முடியும்? அவருக்கு இருந்தது இனி அந்த ஒரு மகள்தான். கோபம் எங்காவது போய்த்தானே ஆக வேண்டும்.

"நேரா போய் மன்னிப்புக் கேட்டுரு" என்றாள் வெள்ளையம்மா.

"கேட்டா என்னம்மா சொல்லுவாங்க? பரவால்லன்னுவாங்க. அது பரவால்லயான்னு எனக்கே தெரியாது."

அவளுக்குச் சித்தப்பாவின் நினைவு அடிக்கடி வந்தது. போனைப் பிடித்துக்கொண்டு, அந்தக் 'கொஞ்சம்' என்ற சொல்லை அவர் எவ்வளவு தேடியிருப்பார் என்று முதல் தடவையாக நினைத்துப் பார்த்தாள். போன் போட்டாளா என்றால், போடவில்லை. இரண்டு தடவை எண்ணை எடுத்துப் பார்த்துவிட்டு வைத்துவிட்டாள்.

அக்டோபரில் ஒரு மத்தியானம் கிபாயத்துல்லாவே கூடையைத் தூக்கிக்கொண்டு கிளினிக்குக்கு வந்தார். இளைத்திருந்தார். பூனை அவரைவிட இளைத்திருந்தது. டாக்டர் தொட்டுப் பார்த்துவிட்டு, இனி அதிகம் இல்லை, வலி தெரியாமல் முடித்துவிடலாமா என்று கேட்டார். வேண்டாம், வீட்டிலேயே இருக்கட்டும் என்றார் அவர். ஷர்மினி டிரிப்பை மாட்டினாள். அந்த அறையில் அவர்கள் இருவரும்தான் இருந்தார்கள். கசகசாவுக்கு இப்போது சீறத் தெம்பில்லை. அவர் மடியில் அது தலையைத் தொங்கப்போட்டுக் கிடந்தது.

"நீ செஞ்சது தப்புன்னு நான் சொல்லலம்மா" என்றார் திடீரென்று. "ஆனா எனக்கு ஆறல."

"எனக்கும் ஆறல அங்கிள்."

அவர் பூனையின் தலையைத் தூக்கித் தன் கையில் சாய்த்துக்கொண்டார்.

"அன்னைக்கு மேல நான் என்னென்ன பேசினேன்? எனக்கு ஒண்ணுகூட ஞாபகம் வரல. விமானத்துல ஏறுனது தெரியுது. கடல் தெரிஞ்சது தெரியுது. அப்புறம் சயீத் மூஞ்சிதான் தெரியுது. நடுவுல எல்லாம் அழிஞ்சு போச்சு. ராஜாகிட்ட கேட்டா, ஏதோ பூனையப் பத்திப் பேசினீங்க, நான் ஓட்டுறதுல இருந்தேன்கிறாரு. அவளப் பத்தித்தான் பேசினேனா?"

"ஆன்ட்டியப் பத்தி மட்டும்தான் பேசினீங்க."

"சொல்லு."

ஷர்மினி சொன்னாள். அவளுக்கு ஒரு வார்த்தைகூட மறக்கவில்லை. மறந்திருந்தால் நன்றாயிருக்கும் என்று எத்தனையோ நாள் நினைத்திருக்கிறாள். வெங்காய மூட்டையைச் சொன்னாள். மீன் தலையைத் தூக்கி எறிந்ததைச் சொன்னாள். உப்புப் பொட்டலம் என்றதும் அவர், "அது உப்பு மட்டும் இல்ல, சீனியும் சேத்துதான். நான் அப்படியா சொன்னேன்?" என்று திருத்தினார். மழைத் தண்ணீர் வந்த நாளைச் சொல்லும்போது அவர் தோள் குலுங்கத் தொடங்கியது. கபர்ஸ்தானில்கூட அழாத மனுஷர் என்று பஸீலா சொல்லியிருந்தாள். பூனையின் மேல் கண்ணீர் விழுந்தது. ஷர்மினி ஊசி நகராமல் பிடித்துக்கொண்டு சொல்லிக்கொண்டே இருந்தாள்.

சலைன் தீர்ந்துபோனது. வெளியே வேறு யாரோ ஒரு நாயோடு காத்திருந்தார்கள்.

"வியாழக்கிழம வீட்டுக்கு வா" என்றார் எழுந்து. "கீழ சாப்பிட்டுட்டு மேல வா."

அவள் மூன்று வியாழக்கிழமை போனாள். நாலாவது வாரம், புதன்கிழமை காலையில் அவர் போன் போட்டார்.

"ஷர்மி, கசகசா செத்துப்போச்சு. ஏழு மணிக்கு. உன்கிட்டதான் முதல்ல சொல்றேன், இன்னும் பஸீலாவுக்குச் சொல்லல."

அவள் கிளினிக்குக்குத் தாமதமாக வருவேன் என்று சொல்லிவிட்டுப் போனாள். கடைக்குப் பின்னால், கறிவேப்பிலை மரத்தடியில் அவரே குழி தோண்டி வைத்திருந்தார். சால்வையில் சுற்றி இருவருமாக இறக்கினார்கள். மண்ணைத் தள்ளி மூடி முடித்ததும் கிபாயத்துல்லா கை கழுவிவிட்டு வந்து, அவளுக்கு ஒரு தட்டில் ரொட்டி வைத்தார். சாப்பிட்டியா என்று கேட்க அவருக்கு வரவில்லை. தட்டை மட்டும் அவள் முன்னால் நகர்த்தினார்.

அவள் கிளம்பும்போது மேலே போய் ஒரு பிளாஸ்டிக் பையோடு இறங்கி வந்தார். பிரிக்காத சலைன் பை ஆறும், ஒரு பெட்டி ஊசியும் இருந்தன.

"எடுத்துட்டுப் போ. வேற பூனைக்கு ஆகும்."

ஷர்மினி பையை மோட்டாரின் முன்கூடையில் வைத்தாள். அன்றைக்குக் கிளினிக்கில் ஏழு பேர் காத்திருந்தார்கள். அவள் கையுறையை மாட்டிக்கொண்டு முதல் பெயரைக் கூப்பிட்டாள்.